மூர் போட்ட கணக்கு

நியூட்டன் கண்ட ஈர்ப்பு விதியோடு சமமாக வைத்து, கார்டன் மூரின் பெயரால் வழங்கும் விதியையும் பேசுவது நம் காலத்தில் வழக்கமாகிவிட்டது. ஆயினும், முன்னது எந்த மனிதனுடைய பிரயாசையையும் எதிர்பாராமல் நடப்பது, பின்னதோ ஆயிரக்கணக்கான என்ஜினீயர்கள் கண் விழித்து உழைத்திராவிட்டால் பிறந்த சில வருஷங்களிலேயே மறைந்திருக்கக்கூடியது.

1965 ஏப்ரலில், கலிபோர்னியாவின் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் கம்பெனியில் ஆராய்ச்சிப் பகுதியின் தலைவராக இருந்த மூர், 'எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகைக்கு எழுதிய சிறு கட்டுரையில், மிகச் சிக்கனமான செலவில் ஒரு சிலிக்கான் சில்லில் அமைக்கக்கூடிய உறுப்புகள் அப்போது சுமார் 50 என்றும், அத்தொகை வருஷந்தோறும் இரட்டித்து 1975-இல் 65,000-ஐ எட்டும் என்றும் கணித்தார். இக்கணிப்பே மூரின் விதி எனப்பட்டது. அதற்கு ஆதாரம், முந்திய சில வருஷங்களுக்குரிய நாலைந்து புள்ளிகளும் அவற்றின் வழியே இழுத்த ஒரு நேர்கோடுமே. நம் ஜோசியர்கள்கூட இதைவிட அதிகமான கட்டங்களைப் பார்த்த பிறகுதான் பலன் சொல்வார்கள்! ஆனால் பலன் பலித்தது. 1975-இல் மூரே தவணையை இரண்டு வருஷமாகத் திருத்திக்கொண்டார். அவர் ராபர்ட் நாய்ஸுடன் சேர்ந்து 1968-இல் ஸ்தாபித்த இன்டெல், 1971-இல் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் இருந்தவை 2,300 டிரான்ஸிஸ்டர்கள். இன்றைய கைப்பேசிச் சில்லிலோ அவை ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டன.

பலித்ததன் ரகசியம் ஜோசியத்தில் இல்லை. போட்டிக் கம்பெனி இரண்டு வருஷத்தில் இரட்டித்துவிடும் என்று ஒவ்வொரு கம்பெனியும் அஞ்சியது. அந்த அச்சத்தையே தன் திட்டமாக வகுத்துக்கொண்டது. யந்திரம் செய்து கொடுப்போரும் அதே தவணைக்குத் தங்கள் வேலையை ஒழுங்கு செய்தார்கள்.

சில்லின் வேகம் ஏறிவந்தது வேறு விஷயம். அது ஐ.பி.எம். விஞ்ஞானி ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974-இல் விளக்கிய தத்துவத்தின் பயன்: டிரான்ஸிஸ்டர் சிறுக்கும் விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்துவந்தால், அதே பரப்பில் எழும் உஷ்ணம் ஏறாது; ஆகவே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். 2005-ஐ ஒட்டி, கசியும் மின்சாரம் மிகுந்து, மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாமற்போகவே, சில்லின் கடிகார வேகம் (அதாவது, அது ஒரு விநாடியில் துடிக்கும் தடவைகள்) மூன்று நான்கு கிகாஹெர்ட்ஸ் அளவில் ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்கு ஈடாக, ஒரே சில்லில் பல கருக்களை (கணக்கிடும் பகுதிகளை) அமைக்கும் உபாயம் பரவியது. அப்போது தளர்ந்தது டென்னார்டின் தத்துவம். பழியோ மூரின் மேல் விழுந்தது.

நவீனச் சில்லுத் தொழிற்சாலை ஒன்றை எழுப்ப இன்று ஆயிரம் கோடி டாலருக்கு மேலும் செலவாகிறது. அந்தச் செலவு ஒவ்வோர் உறுப்பின் தலையிலும் ஏறும். ஆகவே, மூரின் விதி மாண்டதா என்று விசாரிக்கும் அன்பர்கள், சில்லின் வேகத்தைப் பாராமல், ஓர் உறுப்புக்கு ஆகும் செலவு இன்னும் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 1965-இல் அவர் எழுதியது அந்தச் செலவைப் பற்றித்தான்.