தூரத்து வீடு – 14: நடுவில் நிற்கும் ஆள்

அட்வான்ஸ் பற்றிப் போன இரண்டு வாரமும் பேசியாயிற்று. பத்து மாத வாடகை கேட்கும் சென்னை வழக்கத்தையும், மூன்று மாதம் என்று சட்டம் சொல்லும் அளவையும் மறுபடி எழுதப்போவதில்லை. இந்த வாரம் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களின் வரிக் கணக்கு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் மஸ்கட்டிலிருந்து அக்கா கூப்பிட்டாள். வேளச்சேரியில் ஒன்றும் தாம்பரத்தில் ஒன்றுமாக அவளுக்கு இங்கே இரண்டு வீடு.

"ரெண்டு வீட்டையும் பாத்துக்க ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடலாமாடா? எட்டு சதவீதம் கேக்கறாங்க. காலையில ஆறு மணிக்கு மோட்டார் ஓடலைன்னு போன் வருது. இங்க நாலரை மணி. எழுந்து உக்காந்து நான் என்ன பண்றது?"

முதலில் கணக்கு. மாத வாடகை 20,000 என்று வைத்துக்கொள்வோம். எட்டு சதவீதம் என்றால் 1,600. வருடத்துக்கு 19,200. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,456. மொத்தம் 22,656, ஒரு மாத வாடகையைவிடக் கொஞ்சம் அதிகம். புதிதாகக் குடிவைத்தால் அதற்கு ஒரு மாத வாடகையைத் தனியாகக் கேட்பவர்களும் உண்டு. ஆக, மேனேஜர் வைத்ததால் வருடத்தில் ஒரு மாதமாவது வீடு காலியாகக் கிடக்காமல் தப்பினால்தான் கட்டுபடியாகும். வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டு வாடகை வருமானத்தில், கட்டிய சொத்துவரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தை எல்லோருக்கும் ஒரேயடியாகக் கழித்துவிடுகிறார்கள். மேனேஜர் வைத்தாலும் அதே 30தான், நீங்களே ஏணி வைத்து ஏறித் தொட்டி கழுவினாலும் அதே 30தான்.

இதை அக்காவிடம் சொல்லிவிட்டு, இந்த எட்டு, பத்து சதவீதப் பழக்கம் எவ்வளவு பழையது என்று தேடப் போனேன். திங்கட்கிழமை போனவன் புதன் இரவுவரை திரும்பவில்லை.

பாய்காட் என்ற சொல் உங்களுக்குத் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும் சிலருக்குத் தெரிந்திருக்கும். அந்த மனிதர் பார்த்த வேலை என்ன? இன்னொருவருடைய நிலத்துக்கு வாடகை வசூலித்துக் கொடுக்கும் வேலை. கூலி, வசூலில் பத்து சதவீதம்!

கேப்டன் சார்லஸ் பாய்காட், இங்கிலாந்துக்காரர். அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில், லஃப் மாஸ்க் ஏரிக்கரையில், ஏர்ன் பிரபுவுக்கு இருந்த 1,500 ஏக்கரைப் பார்த்துக்கொண்டார். பிரபு இருந்தது வடக்கே ஃபெர்மனாவில், குரோம் கோட்டையில். 1879-இல் அயர்லாந்தில் விளைச்சல் பொய்த்தது. மறுவருடம் பிரபு வாடகையில் பத்து சதவீதம் தள்ளுபடி தந்தார். போதாது, 25 சதவீதம் வேண்டும் என்று குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு மறுத்துவிட்டார். 1880 செப்டம்பரில், வாடகை தராதவர்களைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் கிளம்பியது. அதைக் கொடுக்கப் போன ஆள்மேல் ஊர்ப் பெண்கள் சேற்றையும் சாணத்தையும் வாரி அடித்தார்கள்.

அதற்குச் சில நாள் முன்புதான், செப்டம்பர் 19-ஆம் தேதி, என்னிஸ் ஊர்க் கூட்டத்தில் அயர்லாந்துத் தலைவர் பார்னெல், காலிசெய்யப்பட்டவரின் நிலத்தை எடுத்துக்கொள்பவனை என்ன செய்வது என்று ஒரு வழி சொல்லியிருந்தார். அடிக்க வேண்டாம், சுட வேண்டாம். வழியில், கடையில், கோயிலில் எங்கே கண்டாலும் அந்த ஆளை ஒதுக்கி வையுங்கள் என்றார். ஊர் அதைப் பாய்காட்மேல் செய்து பார்த்தது. வேலைக்காரர்கள் வெளியேறினார்கள். வயலில் இறங்க ஆளில்லை. பக்கத்து ஊரான பாலின்ரோப்பில் கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. கிழங்கும் தானியமும் மண்ணில் நின்றன. அவர் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, நவம்பரில் கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீஸும். ஐந்நூறு பவுன் விளைச்சலை வீடு சேர்க்கப் பத்தாயிரம் பவுன் செலவானதாக அப்போது கணக்குச் சொன்னார்கள். டிசம்பர் முதல் தேதி பாய்காட் அயர்லாந்தைவிட்டே போய்விட்டார்.

பெயர் வந்த விதம் இன்னும் அழகு. ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், இப்படி ஒதுக்கி வைப்பதற்கு ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்த இங்கிலீஷ் சொல் குடியானவர்களுக்குப் புரியாது. 'பாய்காட் பண்ணு' என்று சொல்லலாம் என்றாராம் அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி. இருபத்தைந்து வருடத்தில் அந்தச் சொல் வங்காளத்துச் சுதேசி இயக்கத்துக்கு வந்து, நம் பத்திரிகைகளில் பகிஷ்காரமானது. 1908-இல் தூத்துக்குடியில், சுதேசிகளை எதிர்த்தவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்களே, அதுவும் இந்த வகைதான்.

இதற்கும் அக்காவின் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? கேட்ட தள்ளுபடியைத் தர வேண்டாம் என்று முடிவு செய்தவர் பிரபு. குடியானவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தவர் பாய்காட். அவரும் நல்ல பெயர் எடுத்தவர் இல்லை, சின்னச் சின்னக் காரியங்களுக்கெல்லாம் அபராதம் போட்டவர். ஆனாலும் 25 சதவீதத்துக்குச் 'சரி' என்று சொல்லும் அதிகாரம் அவர் கையில் இல்லை. எட்டு சதவீதம் சரியா, பத்து சதவீதம் சரியா என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது: நடுவில் நிற்கும் ஆள் எதற்கெல்லாம் தானாகச் 'சரி' சொல்லலாம்?

அக்கா இதில் ஒருமுறை பட்டவள். நாலு வருடம் முன்பு வேளச்சேரி வீட்டை ஓர் அலுவலகத்திடம் கொடுத்திருந்தாள். ஐயாயிரத்துக்கு மேல் எந்தச் செலவானாலும் தன்னைக் கேட்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிந்து படுக்கையறைச் சுவரெல்லாம் ஈரம். பிளம்பர் சொன்ன தொகை பதினோராயிரம். அலுவலகம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. குடியிருந்தவரிடம் அவள் நம்பர் இல்லை. இரண்டு மாதம் பொறுத்தார். சின்னக் குழந்தைக்கு மூச்சிரைப்பு வரவே காலிசெய்துவிட்டார். வாசலில் அவர் யாரைத் திட்டியிருப்பார்? வாடகை வாங்க வந்த அந்தப் பையனைத்தான். அதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது.

நடுவில் நிற்பவரின் அதிகாரம் எதுவரை என்று சொல்லி வைக்க நம் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது, பாய்காட் கதைக்கு அடுத்து, இந்த வாரம் எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தோஷம். 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், பிராப்பர்ட்டி மேனேஜரைப் பெயர் சொல்லியே பேசுகிறது. ஒருவரை வைத்தால், அவர் யார், வீட்டுக்காரர் அவரை நியமித்ததற்கு என்ன ஆதாரம், எந்தெந்தக் காரியத்துக்கு, எத்தனை காலத்துக்கு என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகைக்கு ரசீது தருவது, அவசியமான பழுது பார்ப்பது, வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. உள்ளே வர வேண்டுமானால் அவரும் 24 மணி நேரம் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

'எந்தெந்தக் காரியத்துக்கு' என்ற அந்த ஒரு வரியை நிரப்பத்தான் அக்காவும் நானும் நேற்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். தண்ணீர், கரண்ட், கசிவு – இவற்றுக்கு 15,000 வரை கேட்காமலே செய்யலாம். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். வாடகையை ஏற்றுவது, குறைப்பது, காலிசெய்யச் சொல்வது, அட்வான்ஸில் பெயின்டிங்குக்குப் பிடிப்பது – இவற்றை அக்காவே குடியிருப்பவரிடம் நேரடியாகப் பேசுவாள். அவள் நம்பர் அவரிடம் இருக்கும், கூப்பிட இரவு எட்டு மணி என்று நேரமும் போட்டாயிற்று. எட்டு சதவீதத்தைக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டேன். மஸ்கட்டில் இருப்பவள் தாம்பரத்து மோட்டாருக்கு ஆள் தேட முடியாது. நீங்கள் மயிலாப்பூரில் இருந்து, உங்கள் வீடு மந்தவெளியில் என்றால் என் பதில் வேறு: ஒரு நல்ல எலக்ட்ரீஷியன், ஒரு நல்ல பிளம்பர் நம்பர் போதும்.

வரிக் கணக்கு அடுத்த வாரம். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சின்னதானாலும், 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நடுவில் மேனேஜர் இருந்தால் அதை யார் பிடிப்பது என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவளுடைய பழைய ஒப்பந்தம் ஸ்கேன் ஆகி வந்திருக்கிறது, இனிமேல்தான் படிக்க வேண்டும்.

(தொடரும்)