எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒரு கடிதம்

பள்ளி மைதானங்கள் – தொடர் 6

டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் பிரென்ட்வுட் அகாடமி என்றொரு தனியார் பள்ளி இருக்கிறது. 1997இல் அதன் ஃபுட்பால் கோச், எட்டாம் வகுப்பில் இருந்த சில பையன்களுக்குக் கடிதம் போட்டார். எல்லோரும் அடுத்த வருஷம் அங்கே சேர ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள். வசந்தகாலப் பயிற்சி தொடங்குகிறது, வாருங்கள், உபகரணங்கள் தருவோம், சீக்கிரம் வந்து பழகினால் உங்களுக்குத்தான் நல்லது. இவ்வளவுதான் விஷயம். அடியில் ‘உங்கள் கோச்’ என்று முடித்திருந்தார்.

மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் இதை ஆள் பிடிக்கும் வேலை என்றது. 4 வருஷக் கண்காணிப்பு, 3,000 டாலர் அபராதம், ஃபுட்பாலிலும் பையன்கள் கூடைப்பந்திலும் 2 வருஷம் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று கிடையாது என்று தீர்ப்பாயிற்று. பள்ளி கோர்ட்டுக்குப் போனது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும், அதுவும் இரண்டு தடவை போனது. 2001இல் 5க்கு 4 என்ற கணக்கில் பள்ளிக்குச் சாதகம்: சங்கம் அரசின் அங்கம்போலவே நடக்கிறது, அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். 2007இல் சங்கத்துக்குச் சாதகம்: ஆள் பிடிக்காதே என்று விதி போடுவது பேச்சுரிமையைப் பறிப்பதாகாது. கடிதம் வாங்கிய பையன்கள் அதற்குள் கல்லூரியையே முடிக்கிற வயசுக்கு வந்திருப்பார்கள்.

ஒரு கடிதத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? ஹெல்மெட் போட்டு முட்டி மோதும் அந்த ஃபுட்பாலில், ஊர் அரசுப் பள்ளியின் டீம் என்றால் பொதுவாக அந்த ஊர் எல்லைக்குள் வளர்ந்த பையன்கள்தான். இந்த வருஷம் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் நல்ல குவார்ட்டர்பேக் அமையவில்லையென்றால் அமையவில்லை, அவ்வளவுதான். தனியார் பள்ளிக்கு எல்லை கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எங்கிருந்தும் பையன் வரலாம், கட்டணத்துக்கு உதவித்தொகையும் கிடைக்கலாம். ஓஹையோவில் சின்சினாட்டி நகரத்தின் மோலர் என்ற கத்தோலிக்கப் பள்ளி, ஜெரி ஃபாஸ்ட் கோச்சாக இருந்தபோது, 1975 முதல் 1980 வரை 6 வருஷத்தில் 5 முறை மாநிலக் கோப்பையைத் தூக்கியது. அங்கிருந்து அவர் நேரே நோட்டர்டேம் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சிற்றூர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

மாநிலத்துக்கொரு வைத்தியம் பார்த்தார்கள். நியூஜெர்சி அரசுப் பள்ளிக்கும் தனியாருக்கும் தனித்தனிக் கோப்பை வைத்தது. டென்னஸி 1997இலேயே, ஆட்டக்காரர்களுக்குக் கட்டண உதவி தரும் தனியார் பள்ளிகளை வேறு பிரிவுக்குத் தள்ளியது. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிவு பிரிக்கும் இல்லினாய், 2005இல் பெருக்கல் கணக்கைக் கையில் எடுத்தது. எல்லையில்லாத பள்ளியில் 600 பேர் படித்தால் அதை 1.65ஆல் பெருக்கி 990 பேர் என்று வைத்துக்கொண்டு, பெரிய பள்ளிகளின் பிரிவில் ஆட விடுவார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. மோலர் மாதிரி ஜாம்பவானுக்கும், பதினோரு பேரைத் தேற்றவே திணறும் சர்ச் பள்ளிக்கும் ஒரே பெருக்கலா? அந்த வம்பு இல்லினாயிலும் கிளம்பித்தான், ஜெயிக்காத பள்ளிகளுக்குப் பிற்பாடு விலக்குக் கொடுத்தார்கள். இண்டியானா இன்னும் நேரடி: எந்தப் பள்ளியானாலும் சரி, தொடர்ந்து ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போ.

ஓஹையோ போட்ட கணக்குதான் நோயின் மூலத்தைத் தொடுகிறது. அங்கே மாற்றம் வேண்டுமென்றால் பள்ளிகள் ஓட்டுப் போட வேண்டும். 2011, 2012, 2013 என மூன்று வருஷமும் தோற்ற தீர்மானம் 2014இல் ஜெயித்து, 2017இல் நடைமுறைக்கு வந்தது. மொத்த மாணவர் எண்ணிக்கையோடு நிற்காமல், டீமில் இருக்கும் ஒவ்வொரு பையனையும் பார்க்கிறார்கள். பெற்றோர் வீடு எங்கே, ஏழாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தான்? வெளியிலிருந்து வந்தவன் என்றால் அவனுக்குக் கூடுதல் எடை. அந்தக் கூட்டல் சேரச் சேர, பள்ளி மேல் பிரிவுக்கு நகரும். அரசுப் பள்ளிக்கும் இதே சல்லடைதான். ஓஹையோவில் பல அரசுப் பள்ளிகளும் எல்லை தாண்டிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன, அதனால் இது நியாயமும்கூட. பள்ளி ஆபீஸில் உட்கார்ந்து பையன் பையனாக விலாசம் சரிபார்க்கிறவர் பாடுதான் திண்டாட்டம்.

ஜார்ஜியாவும் இந்தப் பக்கம் வந்து பார்த்தது. 2022இல் எல்லைக்கு வெளியிலிருந்து வரும் ஒரு மாணவரை மூன்று பேராக எண்ணினார்கள். அப்படியும் சிறிய பள்ளிகளின் புகார் ஓயவில்லை. 2024இல் சின்னப் பிரிவுகளில் தனியாருக்குத் தனி பிளேஆஃப் என்று பிரித்தே விட்டார்கள். சண்டை நின்றுவிடும், சரி. ஆனால் அரசுப் பள்ளிச் சாம்பியனும் தனியார் சாம்பியனும் கடைசிவரை மோதவே மாட்டார்கள் என்றால் யார் பெரியவர் என்பதை டீக்கடையில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

டெக்சாஸ் கதை வேறு. அரசுப் பள்ளிகளுக்கென்றே இருக்கும் சங்கத்துக்குள் டாலஸிலும் ஹூஸ்டனிலும் இருந்து இரண்டு ஏசுசபைப் பள்ளிகள் நுழைந்த கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.