இதயத் தசை தடிப்பது எப்படி?

விடுமுறையில் மண்கும்பானுக்குப் போனபோது சாச்சா தன்னுடைய எக்கோ அறிக்கையை என் கையில் தந்தார். இடது இதயவறையின் சுவர் தடித்திருக்கிறதாம். "இது நம்மட பரம்பரைச் சாமான் மகன். குளிசை போட்டு என்ன மாறப்போகுது?" என்றார். பிரஷர் குளிசையை நிறுத்தி இரண்டு மாதமாம்! தமிழில் சிறப்புப் பட்டம் எடுத்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவருக்குப் பதில் சொல்லத்தான் தேடி வாசித்தேன்.

அவர் சொன்னதற்கு ஓர் அடிப்படை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் ஆய்வாளர் தங்கராஜ் முதலியோர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் தென்னாசியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உண்டு, அது இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்றது அது. 2020இல் வந்த மறு ஆய்வோ, இதயம் தடிக்கும் நோயைப் பொறுத்தவரை ஆபத்து பெரும்பாலும் அந்த விடுபாட்டால் அல்ல, சிலரிடம் அதனோடு சேர்ந்து வரும் வேறொரு மாற்றத்தால் என்று காட்டியது. சாச்சாவை இதற்காக யாரும் சோதிக்கவேயில்லை. அவரிடம் நிச்சயமாக இருப்பது பிரஷர்.

மரபணுவில் எழுத்துப் பிழை இல்லாமலும் இதயம் தடிக்கும். வளர்ந்த மனிதனின் இதயத் தசைக்கலங்கள் பிரிந்து பெருகுவது மிக அரிது. சுமை கூடினால் இருக்கிற கலமே பருக்கிறது. சிசுவாக இருந்த காலத்தில் வேலை செய்து பின்னர் அடங்கிப்போன சில மரபணுக்கள் அப்போது மறுபடி விழிக்கின்றன.

அவற்றை அடக்கி வைப்பதில் கலக்கருவுக்குள் இருக்கும் சில நொதியங்களுக்குப் பங்கு உண்டு. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரத உருளைகளை அவை இறுக்கமாக வைத்திருக்க உதவுகின்றன. சுமை நீடித்தால் கலத்துக்குள் கல்சியச் சமிக்ஞை கூடுகிறது. அந்த நொதியங்களில் பொசுபேற்று ஒட்டப்படுகிறது. ஒட்டியதும் அவை கருவை விட்டு வெளியேறுகின்றன. உயிரெழுத்து வந்ததும் குற்றியலுகரம் ஓடுமே, அதுபோல. இன்னொரு பக்கம் என்.எப்.ஏ.ரி. என்ற புரதம் கருவுக்கு வெளியே காத்திருக்கும். கல்சிநியூரின் அதிலிருந்து பொசுபேற்றைக் கழற்றியதும் அது உள்ளே போய் மரபணுக்களைத் தூண்டுகிறது. ஒட்டினால் ஒன்று வெளியே, கழற்றினால் மற்றது உள்ளே. கல்சிநியூரினை எலிகளின் இதயத்தில் ஓயாமல் இயங்க வைத்தபோது அந்த இதயங்கள் பெருத்ததை 1998இல் அமெரிக்காவில் மோல்கென்ரின், ஓல்சன் குழுவினர் காட்டினார்கள்.

இப்படி விழிக்கும் மரபணுக்களில் ஒன்று பி.என்.பி. என்ற ஹோர்மோனைச் சுரக்க வைக்கிறது. உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹோர்மோன் அது. இதயம் தளர்கிறதா என்று பார்க்க இரத்தத்தில் அளப்பதும் அதைத்தான். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத சாச்சாவுக்கு இந்தப் பகுதி பிடிக்கவில்லை.

"அப்ப வெளியே போனதைத் திருப்பி உள்ளே விட ஏலாதா?" என்று கேட்டார். பிரஷரைத் தொடர்ந்து இறக்கி வைத்தால் சமிக்ஞை தணியும், தடிப்பும் ஓரளவு குறையும் என்றேன். லொசார்டான் போன்ற குளிசைகள் பருக்கச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்றையே நேரடியாக மறிக்கின்றன. நோவு இல்லை என்பதற்காக உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று எடுக்க முடியாது.

அவர் கிளினிக் அட்டையைத் தேடி எடுத்தார். யாழ்ப்பாணத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.