கருப்பனாருக்கு நாட்டுச் சேவல், கம்பெனிக்கு வெள்ளைக்கோழி

சந்தைக்கு வந்த உலகம் – 9

1977-ல் இந்தியாவை விட்டுப் போன கோகோ கோலா 1993-ல் திரும்பி வந்த கதையையும், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் 2017 மார்ச் 1 முதல் கோலா பானங்களை விற்பதில்லை என்று அறிவித்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சண்டை சுலபமானது. எதிராளியின் பெயர் பாட்டில் மேலேயே எழுதியிருந்தது. பெட்டிக்கடைக்காரர் அதை எடுத்துவிட்டுக் காளிமார்க்கை வைத்தால் முடிந்தது.

பெயர் எழுதாமல் வந்த ஒன்றை இந்த வாரம் பார்ப்போம். அதைப் பார்க்கச் சென்னை மாலுக்குப் போக வேண்டியதில்லை. நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் எருமப்பட்டிக்குப் போனால் போதும்.

கொல்லிமலையின் நிழலில் இருக்கும் பேரூராட்சி அது. சோளம், நிலக்கடலை, சின்ன வெங்காயம், மரவள்ளி என்று மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாகப் பிழைத்த வட்டாரம். இன்று அந்தக் காடுகளுக்கு நடுநடுவே நீளநீளமாகக் கோழிக் கொட்டகைகள். ஆள் உயரத்துக்குத் தூண் நிறுத்தி, அதன் மேல் கூண்டு வரிசை. இரண்டு பக்கமும் சுவர் கிடையாது, கம்பி வலைதான். குளிர்நாடுகளில் சுவரடைத்து வெப்பமூட்டி வளர்த்த கோழிக்கு, சேலம் நாமக்கல் வெயிலில் காற்று வேண்டும். எரு கீழே விழுந்து காய வேண்டும். அதற்காக நம் பண்ணைக்காரர்கள் பழக்கத்தில் கண்டுகொண்ட அமைப்பு இது. சித்திரை வெயிலில் சாக்குப் படுதாவைக் கட்டி நனைத்துவிடுவதும், கூரைமேல் தண்ணீர் தெளிப்பதும் அவர்கள் கைவேலைதான்.

கூண்டுக்குள் இருப்பது வெள்ளைக்கோழி. அதன் கதை ஓர் அட்டைப் பெட்டியில் தொடங்குகிறது. சுற்றிலும் காற்றோட்டத் துளை போட்ட பெட்டி, உள்ளே ஒரு நாள் வயதுக் குஞ்சுகள். பொரிப்பகத்திலேயே மேரக்ஸ் தடுப்பூசி போட்டு அனுப்பியிருப்பார்கள். அத்தனையும் பெட்டைகள். முட்டையிடாத சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே கழிக்கப்பட்டிருக்கும். பண்ணைக்கு வந்த பிறகு வெள்ளைக் கழிச்சலுக்கு மருந்து, சில நாளில் அலகு வெட்டு, பிறகு கூண்டு. ஏறக்குறைய 20-வது வாரம் முட்டை விழத் தொடங்கும். நாளொன்றுக்கு 110 கிராம் அளவுக்குத் தீவனம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல் எல்லாம் அளந்து கலந்தது. 72 வாரம் ஆவதற்குள் ஒரு கோழி 300 முட்டைக்கு மேல் இட்டுவிடும். அதன் பிறகு முட்டைக்கோழி என்று கிலோ கணக்கில் கறிக்குப் போய்விடும்.

நம் வீட்டுப் பெட்டைக்கோழி வருஷம் முழுக்க இட்டாலும் 60, 80 முட்டையைத் தாண்டாது. ஆனால் அதற்கு வெள்ளைக்கோழி மறந்துபோன ஒரு வேலை தெரியும்: அடை உட்காரத் தெரியும். பழைய வீடுகளில் ஒரு கூடையில் மணலோ தவிடோ பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டையை வைத்து, இடி விழுந்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு, இருட்டு மூலையில் வைப்பார்கள். 21-ம் நாள் அம்மாக்கள் முட்டையைக் காதோடு வைத்துப் பார்ப்பார்கள். அப்படி அடை வைத்து, குஞ்சு பிரித்து, பக்கத்து வீட்டுக்கு வாரத்துக்குக் கொடுத்து, பாதிக் குஞ்சைத் திரும்ப வாங்கிய ஒரு பொருளாதாரம் இந்த ஊர்களில் இருந்தது. பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த பொருளாதாரம். முந்தானை முடிச்சில் இருந்த காசு பலவும் கோழி விற்ற காசுதான்.

வெள்ளைக்கோழிக்கு அடைகாக்கும் குணமே இல்லாதபடி தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அடையில் உட்கார்ந்த கோழி அத்தனை நாளும் முட்டை இடாது என்பதுதான் காரணம். கொட்டகையில் சேவலே கிடையாது என்பதால் அந்த முட்டை பொரிக்கவும் பொரிக்காது. பண்ணைக்காரர் சேவலைக் கொண்டுவந்து சேர்த்தாலும் பயனில்லை. அது கலப்பினம், அடுத்த தலைமுறைக்கு அதே முட்டை எண்ணிக்கை வராது. ஆகவே ஒவ்வொரு முறையும் குஞ்சைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடினால் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஹென்றி வாலஸ் என்பவர் 1926-ல் வீரிய ஒட்டு மக்காச்சோள விதைக்காக ஒரு கம்பெனி தொடங்கினார். அதுதான் பின்னாளில் பயனியர் என்று பெயர் பெற்றது. சோளத்தில் செய்ததைக் கோழியிலும் செய்யலாம் என்று 1936-ல் ஹைலைன் கம்பெனி தொடங்கப்பட்டது. தனித்தனி வம்சங்களைக் காத்து வளர்த்து, கடைசியில் கலந்து, அந்தக் கலப்பை மட்டும் விவசாயிக்கு விற்பது. மூல வம்சத்தைக் கம்பெனியே வைத்துக்கொள்வது. 1941 முதல் 1945 வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவர் இதே வாலஸ்தான்.

இன்று உலகத்தின் முட்டைக்கோழி மூல வம்சங்களில் பெரும்பங்கு இரண்டு குழுமங்களின் கையில் இருக்கிறது. ஹைலைன், லோமன் வகைகள் ஜெர்மனியின் ஈ.டபிள்யூ. குழுமத்திடம், பாப்காக், போவன்ஸ் வகைகள் நெதர்லாந்தின் ஹென்ட்ரிக்ஸ் ஜெனடிக்ஸிடம். கறிக்கோழியில் ராஸ் வகை அதே ஜெர்மன் குழுமத்துடையது, காப் வகை அமெரிக்க டைசன் நிறுவனத்துடையது. நாமக்கல் கொட்டகைகளில் அதிகம் காணும் பி.வி.300, பாப்காக் வழியில் வந்ததை பி.வி.ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் நம் நாட்டுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தது. தீவனத்துக்காகப் பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக் காடுகள் மக்காச்சோளக் காடுகளாயின. விதைக் கடையில் பயனியர் பை இருக்கிறது. வாலஸின் சோளமும் வாலஸின் கோழி வித்தையும் அயோவாவில் பிரிந்து, நம் தீவன அரவை மில்லில் வந்து சேர்ந்துகொண்டன.

இதனால் நமக்கு நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். பள்ளிச் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, இன்று பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டையாக வளர்ந்திருக்கிறது. வருஷத்துக்கு 60 முட்டை இடும் கோழியை நம்பி எந்த அரசும் இதைச் செய்திருக்க முடியாது. ஒரு காலத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் எடுத்து வைத்த பண்டம், தட்டுக்கடை ஆம்லேட் ஆனது. வெளியூர் வியாபாரிகள் வைத்ததே விலை என்றிருந்த நிலையை மாற்ற 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. அதன் வழியாக நாமக்கல் மண்டல விலை என்று ஒன்று பத்திரிகையில் வருகிறது. கோழி வெளியார் சொத்தாக இருந்தாலும், முட்டை விலையில் பண்ணைக்காரர் ஒன்றுசேர்ந்து ஒரு பிடி வைத்துக்கொண்டார்.

பண்பாடு எங்கே வந்து இடிக்கிறது என்றால், புரட்டாசியில். அந்த மாதச் சனிக்கிழமைகளில் சேந்தமங்கலத்தை அடுத்த நைனாமலைப் படிகளில் கூட்டம் அலைமோதும். வீடுகளில் கவிச்சி கிடையாது. முட்டை விலை இறங்கும். கார்த்திகையில் மாலை போடும் காலத்திலும் இப்படித்தான். ஆனால் கோழிக்குப் புரட்டாசி தெரியாது. அது இட்டுக்கொண்டே இருக்கும், தின்றுகொண்டே இருக்கும். தீவனச் செலவு ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஊர் விரதம் இருக்கிறது, அதன் நஷ்டத்தைப் பண்ணைக்காரர் தாங்குகிறார். குஞ்சை விற்ற கம்பெனிக்கு அதில் பங்கில்லை.

கடைவீதிக் கம்பெனிகள் வேறு மாதிரி. அவர்கள் காலண்டரைப் பார்த்து நடப்பவர்கள். 1995-ல் பெங்களூரில் கே.எஃப்.சி. கால் வைத்தபோது, நஞ்சுண்டசாமி தலைமையிலான விவசாயிகள் எதிர்த்தார்கள். அடுத்த ஜனவரியில் கடைக்குள் புகுந்து உடைக்கவும் செய்தார்கள். இன்று அதே கம்பெனி சோறும் குழம்பும் கிண்ணத்தில் போட்டு விற்கிறது, கோழிக் கடையிலேயே சைவ பர்கரும் விற்கிறது. 1996-ல் டெல்லியில் திறந்த மெக்டொனால்ட்ஸ் மாட்டுக்கறியையும் பன்றிக்கறியையும் விட்டுவிட்டு, ஆலு டிக்கியைப் பன்னுக்குள் வைத்தது. 1994-ல் வந்த கெலாக்ஸ், சோள அவலைக் குளிர்ந்த பாலில் போட்டுச் சாப்பிடச் சொன்னது; நாம் சுடுபாலை ஊற்றினோம், அது கூழானது, விற்பனை படுத்தது. பிறகு அந்தக் கம்பெனியே நம் காலைப் பலகாரத்தின் பக்கம் வந்து உப்புமா பாக்கெட் போட்டது.

இதையெல்லாம் நம் பண்பாட்டின் வெற்றி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். மசாலாவை மாற்றுவதற்குக் கம்பெனிக்குச் செலவு மிகக் குறைவு. நம் நாக்குக்கு வளைந்து கொடுத்தால் விற்பனை கூடும், அதனால் வளைகிறது. வளையாத இடம் ஒன்று உண்டு. மூல வம்சம் யார் கையில் என்ற இடம். அங்கே வளைந்தது நாம்தான். கறிக்கோழியில் இது இன்னும் வெளிப்படை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் ஒருங்கிணைப்புக் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு விவசாயியுடையது. கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. இந்தக் கம்பெனிகளில் பல நம் கொங்கு நாட்டுக் கம்பெனிகள்தாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கூலியை உயர்த்தக் கேட்டு விவசாயிகள் போராடியதும் நம் மேற்கு மாவட்டங்களில்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வாடிக்கையாளர் மட்டும் அசையவில்லை. அவர் கருப்பனார். கொட்டகையில் பத்தாயிரம் கோழி வைத்திருப்பவரும் குலசாமிக்கு நேர்ந்துகொண்டால் நாட்டுச் சேவலைத் தேடித்தான் போக வேண்டும். முனியப்பனுக்கு வெள்ளைக்கோழியைக் கொண்டுபோய் நிறுத்துவாரில்லை. மாப்பிள்ளை விருந்துக் குழம்பும் அப்படியே. சிறுவிடை, பெருவிடை என்று நம் கோழிகள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இந்தச் சாமிகளும் சம்பந்திகளும் பெரிய காரணம். கோழித் தீவன அட்டவணையில் இவர்களுக்கு இடமில்லை, ஆனால் நாட்டுக்கோழிக்குக் கறிக்கோழியைவிடக் கூடுதல் விலை நிற்பது இவர்களால்.

அந்த விலையைக் கம்பெனிகளும் பார்த்துவிட்டன. சிவப்பும் கறுப்புமாக இறகு வைத்த கலப்பினக் கோழிகள் கூட்டமாக வளர்க்கப்பட்டு, கடைகளில் நாட்டுக்கோழி என்ற பலகையின் கீழ் தொங்குகின்றன. நம் மாவட்டத்துப் பள்ளிபாளையம் சிக்கன் தேங்காய்ச் சில்லும் மிளகாயுமாகச் சென்னை வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. சட்டியில் வேகிற கோழி மட்டும் கறிக்கோழி. பெயர் நம்முடையது, ருசி நம்முடையது, பறவை வேறு ஒருவருடையது.

இதை மாற்ற முடியாதென்றில்லை. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்களுக்கு உதவ அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. குஞ்சு கொடுத்தால் மட்டும் போதாது. சிறுவிடை, பெருவிடையின் தூய வம்சத்தைப் பொதுச் சொத்தாகக் காத்து, பெருக்கி, ஊருக்கு ஊர் கொடுக்கும் பொரிப்பகம் வேண்டும். முட்டை விலைக்காக ஒன்றுசேரத் தெரிந்த ஊருக்கு, குஞ்சுக்காக ஒன்றுசேர்வது கஷ்டமில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலகக் கம்பெனி உங்கள் ஊர் ருசியில் ஒன்று கொண்டுவந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், தப்பில்லை. கூடவே விதை யாருடையது, குஞ்சு யாருடையது என்றும் கேளுங்கள். இடமிருந்தால் ஒரு சேவலும் நாலு பெட்டையும் வளருங்கள். அடை வைக்கத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், அந்த வித்தையைப் பேத்திக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: அரப்புத் தூளும் ஒரு ரூபாய் ஷாம்பூவும்)