தகப்பனார் பெயரும் குடும்பப் பெயரும்

பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்குத் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதன் முன்னுள்ள 'வீ' குடும்பப் பெயரன்று. தந்தையார் வீராசாமியைக் குறிப்பது. சீனரின் டான், லிம் போன்றவை தலைமுறைதோறும் மாறாது வரும் குலப்பெயர்கள். நம்மவருக்கோ தகப்பனார் பெயர் பிள்ளைகளோடு நின்றுவிடும். பேரப்பிள்ளைகள் தாங்குவது வேறு பெயர். நடுவில் நிற்கும் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' எனும் மலாய்ச் சொற்கள் மகன், மகள் என்றே பொருள்படும்.

ஆதலால் உறவுக்குச் சான்று தகப்பனார் பெயரே. ழகரத்திற்கு ரூமியில் தனியெழுத்து இல்லை; அழகப்பன் என்பதை எழுத்தர் இருவர் இருவிதமாக எழுதக்கூடும். பால்மரம் வெட்டிய தந்தை மறைந்தபின் அவரது ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கோரும் பிள்ளைக்கு இவ்வேறுபாடு பெருந்தடையாகலாம். பிறப்பைப் பதியச் செல்லுங்கால் தந்தையின் அடையாளக் கார்டை உடன் கொண்டு செல்க. பத்திரம் கைக்கு வந்ததும், அலுவலகத்தை விட்டு அகலுமுன், எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க.