தண்ணீரைக் குடித்து வேருக்குக் கொடுக்கும் "ஜெல்லி"!
கரிசல் காட்டுக்குக் கைகொடுக்குமா?

எப்போதும்வென்றான்,

ஊர் பேரு எப்போதும்வென்றான். ஆனால் மழையிடம் மட்டும் இந்த ஊர் ஜம்பம் செல்லாது.

கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். முதல் மழையில் உளுந்தும் பாசிப்பயறும் முளைக்கும். அடுத்த மழை தள்ளிப்போனால் அத்தனையும் கருகும். விதைக்காசு போச்சு!

இந்த இடைவெளியில் பயிரைக் காப்பாற்ற ஒரு பொடி இருக்கிறது. பெயர்: பூசா ஹைட்ரோஜெல். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் அனுபமா சிங் குழுவினர் உருவாக்கியது. சென்னை கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியும் இதைத் தயாரிக்க லைசென்ஸ் வாங்கியது.

350 மடங்கு!

தண்ணீர் பட்டதும் பொடி ஊறி ஜெல்லி ஆகிவிடும். தன் எடையைப் போல் குறைந்தது 350 மடங்கு தண்ணீரைக் குடிக்கும். குழந்தைக்குக் கட்டும் டயாப்பருக்குள் இருக்கிறதே, அந்தப் பொடியின் பங்காளிதான் இது.

மண் காய்ந்தால், குடித்த தண்ணீரை வேருக்கு விட்டுக்கொடுத்துச் சுருங்கும். மழை பெய்தால் மறுபடி வீங்கும். நம்ம கரிசலும் அப்படித்தானே? மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்!

சூடோ, ஊறும் திரவமோ சற்று மாறினாலே ஜெல் திடீரெனச் சுருங்கும் என்று 1978-ல் எழுதினார், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்த ஜப்பான்காரர் டோயோயிச்சி டனாக்கா. இப்படிப்பட்ட ஜெல்களைப் பற்றிய ஆராய்ச்சி அதன்பின் சூடுபிடித்தது.

உஷார்!

ஏக்கருக்கு ஒன்று முதல் 2 கிலோ போதும் என்கிறார்கள். விதைக்கும்போதே மண்ணோடு கலக்க வேண்டும். ஆனால் உடனே பணத்தைக் கொட்டிவிட வேண்டாம்.

350 மடங்கு என்பது சுத்தமான தண்ணீரில். உப்புத் தண்ணீரில் வீக்கம் குறைந்துவிடும். கரிசல் மண் தானாகவே ஈரம் பிடிக்கும். மணல் கலந்த மண்ணில்தான் இந்தப் பொடிக்கு மவுசு அதிகம்.

கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, காட்டின் ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஜெல்லி குடிப்பதற்கும் முதலில் ஒரு மழை பெய்தாக வேண்டுமே! அதற்கு இன்றைக்கும் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.