ஏஐ எழுதும் நிரல் 'ஏ/எல்' பெயரை ஏற்குமா?

மலாக்கா - கேட்ட மாத்திரத்தில் கணினி நிரல் எழுதித் தரும் ஏஐ உதவியாளரை எவ்வளவு தூரம் நம்பலாம்? மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது அன்றாடக் கேள்வியாகிவிட்டது. டுரியான் துங்காலில் உள்ள மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகத்திலும் கணினித் துறை படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது நாளைய வேலைப் பிரச்சினை.

கிளினிக் ஒன்றுக்கு இணையப் பதிவுப் படிவம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஏஐயிடம் கேட்டால் சில விநாடிகளில் நிரல் தயார். பெயர்ப் பகுதியில் எழுத்தும் இடைவெளியும் மட்டுமே வரலாம் என்று அது விதி போட்டிருந்தால், வெளிநாட்டுப் பெயர்கள் பலவும் சிக்கலின்றி ஏறிவிடும். நம் அடையாள அட்டையிலோ 'ஏ/எல்', 'ஏ/பி' இருக்கிறது. நடுவில் நிற்கும் அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் படிவம் பெயரைத் தள்ளிவிடும்.

அடையாள அட்டை எண்ணிலும் இதே கதைதான். 2005-இல் பிறந்தவரின் 12 இலக்க எண் '05' என்று தொடங்கும். அதைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போய், 11 இலக்கம்தான் மிஞ்சும். நிரல் வழக்கம்போல் ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது. மனிதர்களும் இதே தவறுகளைச் செய்கிறவர்கள்தான். அவர்கள் எழுதியதைப் படித்துத்தானே ஏஐயும் கற்றது!

2021-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கிட்ஹப் கோபைலட்' உதவியாளரை 89 சூழல்களில் சோதித்தனர். அது எழுதிய 1,689 நிரல்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டில் பாதுகாப்பு ஓட்டைகள் இருந்தன. கருவிகள் அதன்பின் வெகுவாக முன்னேறிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் 2025-இல் 'மீட்டர்' ஆய்வு அமைப்பு வெளியிட்ட முடிவு யோசிக்க வைக்கிறது. அனுபவமிக்க 16 நிரலாளர்கள் 246 வேலைகளைச் செய்தனர். ஏஐயைப் பயன்படுத்திய வேலைகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 விழுக்காடு வேகமாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தனர். அனுபவசாலிகளுக்கே கணிப்பு தவறினால் புதியவர்கள் எம்மாத்திரம்?

அதே ஆண்டு ஜூலையில், எதையும் மாற்றக்கூடாது என்று தொழில்முனைவர் ஜேசன் லெம்கின் கட்டளையிட்டிருந்தும், 'ரெப்ளிட்' நிறுவனத்தின் ஏஐ அவருடைய தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

ஆகவே வேலையைப் பொறுத்தே நம்பிக்கையும் இருக்க வேண்டும். புரியாத பழைய நிரலை விளக்கச் சொல்லலாம், மாதிரிப் பக்கம் வரையச் சொல்லலாம், சோதனைகள் எழுதச் சொல்லலாம். பணம், மருத்துவப் பதிவு, கடவுச்சொல் தொடர்பான நிரலை வரிவரியாகப் படிக்காமல் ஏற்கக்கூடாது. உண்மையான தரவுத்தளத்தின் சாவியை அதன் கையில் கொடுக்கவே கூடாது. வாடிக்கையாளர் விவரங்களை அப்படியே அதில் ஒட்டினால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம்தான், ஏஐ அல்ல.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குத்தான் சங்கடம் அதிகம். வேகம் காட்ட வேண்டிய கட்டாயம் இருக்கும், சரிபார்க்கும் அனுபவம் இருக்காது. 'இந்த வரி எதற்கு?' என்று மேலதிகாரி கேட்டால் 'ஏஐ கொடுத்தது' என்று சொல்லித் தப்ப முடியாது. விளக்க முடியாத வரியை மூத்தவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டபின் சேர்ப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. படிவத்தைச் சோதிக்கும்போது 'ஏ/பி' உள்ள ஒரு பெயரையும் '05' என்று தொடங்கும் ஓர் எண்ணையும் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.